காலுறையும் கழற்ற வேண்டும்

வெயில் காலத்தில் பர்மாவின் பாகன் நகருக்கு வருகிறவர்கள், கோயில்களைச் சுற்றிப் பார்க்கக் காலில் என்ன போட்டுக்கொள்வது என்று என்னிடம் கேட்பதுண்டு. ஒரு கோயிலின் சாவி ஏழு தலைமுறையாக எங்கள் வீட்டில் இருக்கிறது. அதனால் கேட்கிறார்கள்.

கயிறு கட்டும் சப்பாத்து வேண்டாம் என்பேன். ஒரு நாளில் இருபது கோயில் பார்த்தால் இருபது முறை குனிந்து அவிழ்க்க வேண்டும். மெல்லிய ரப்பர் செருப்பும் வேண்டாம். கோயிலுக்கும் கோயிலுக்கும் நடுவில் மணலெல்லாம் முள். அடி கனமாக இருக்க வேண்டும், மேல்வார் தளர்வாக இருக்க வேண்டும், உதறினால் கழன்று விழ வேண்டும். வாசலுக்கு உள்ளே அதுவும் கிடையாது. காலுறையும் கூடாது. பூட்ஸோடு வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவருக்குக் கதவைத் திறக்க மறுத்தவர் என் பாட்டனாரின் தந்தை. அந்த அதிகாரி அரை நாள் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். அந்தக் குடும்பம் நாங்கள்.

என் மனைவி ஓன் யீக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை வியாதி. மெல்ல மெல்லப் பாதங்களில் உணர்ச்சி போய்விட்டது. ஒருநாள் அடுக்களையிலிருந்து கிணற்றடிக்கு வந்தவள் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. மற்றது வழியில் கழன்றது அவளுக்குத் தெரியவில்லை. நான் கேட்டதற்கு, "வீட்டுக்குக் காவல் இருக்கட்டும்னு ஒண்ணை விட்டுட்டு வந்தேன்" என்றாள். எங்கள் மகள் நீலார் அப்போது ஊரில் இருந்தாள். மாண்டலேயில் நர்ஸ் வேலை பார்ப்பவள். நாங்கள் இருவரும் சிரித்தோம், அவள் சிரிக்கவில்லை.

அடுத்த முறை வந்தபோது அம்மாவுக்கு ஒரு ஜோடி வாங்கி வந்தாள். முன்பக்கம் அகலம், அடியில் தடித்த மெத்தை, குதிகாலுக்குப் பின்னால் ஒரு பட்டை. தானாகக் கழலாது. கூடவே கனமான பருத்திக் காலுறைகள். ஓன் யீ அவற்றைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நாலு சுற்று நடந்தாள். மேகத்தில் நடக்கிற மாதிரி இருக்கிறதா என்று மகள் கேட்டாள். எதில் நடந்தாலும் எனக்கு ஒன்றுதான் என்றாள் தாய்.

மறுநாள் கசோன் பௌர்ணமி, புத்தர் ஞானம் பெற்ற நாள். அன்று பெண்கள் குடம் சுமந்து வந்து, போதி மரத்தை மூன்று முறை சுற்றி வேருக்கு நீர் ஊற்றுவார்கள். எங்கள் கோயிலில் முதல் குடம் சாவிக்காரர் மனைவியுடையது. அந்த வருடம் மழை தள்ளிப் போயிருந்தது. காலையிலேயே செங்கல் தளம் அடுப்புபோலக் கொதித்தது.

கிளம்பும் நேரத்தில் நீலார் என் முன்னால் வந்து நின்றாள். கையில் காலுறை.

"அப்பே, வெறுங்கால்ல ஒரு அடிகூட வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. செருப்பை வாசல்லயே விட்டுடறோம். இதை மட்டும் அமே போட்டுக்கட்டும். லுங்கி தரையைத் தொடுது, யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்."

"அப்போ அமே வீட்லயே இருக்கட்டும்."

"முதல் குடத்தை யாரு ஊத்துறது? நேத்து ஒரு வெளிநாட்டுப் பொம்பளையக் காலுறையைக் கழட்ட வச்சுத்தான் உள்ள விட்டேன். ஊருக்கு ஒண்ணு, என் வீட்டுக்கு ஒண்ணா?"

ஓன் யீ கன்னத்தில் தனக்கா மரச்சாந்து பூசி முடித்துவிட்டு எழுந்தாள். "விடுடி. சூடே தெரியாத காலு இந்த ஊர்ல வேற யாருக்கு இருக்கு? உங்கப்பா என்னைக் கட்டினதே இதுக்குத்தான்."

வீட்டில் சண்டை மூண்டால் அவள் அப்படித்தான் முடித்து வைப்பாள். அது சம்மதம் ஆகாது என்பது முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்த எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் குடத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

மற்றப் பெண்கள் சூடு தாங்காமல் குதிகாலில் ஓடினார்கள், நிழலுக்கு நிழல் தாவினார்கள், குடத்து நீரைத் தங்கள் காலிலேயே சிந்திக்கொண்டார்கள். ஓன் யீ மட்டும் ஒரு சொட்டும் சிந்தாமல் நிமிர்ந்து, நிதானமாக மூன்று சுற்றும் நடந்தாள். புண்ணியம் செய்த கால் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. அன்று அந்த வரிசையில் அவளைப்போல் யாரும் நடக்கவில்லை.

மாலை பஸ்ஸில் நீலார் மாண்டலேக்குத் திரும்பினாள். விளக்கேற்றும்போதுதான் பாயில் ஈரத்தைப் பார்த்தேன். குடத்து நீர் என்றாள் ஓன் யீ. பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கால்களிலும் தோல் வெண்மையாக உப்பி, வலது காலில் கிழிந்து தொங்கியது.

மஞ்சள் வைத்துக் கட்டினேன். மகளுக்குச் சொல்ல வேண்டாம் என்றேன். சொன்னால் அவள் பேச்சுதான் சரி என்று ஆகிவிடும். ஓன் யீயும் சொல்லவில்லை. ஆறு நாள் அப்படியே இருந்தோம். ஏழாம் நாள் காய்ச்சலில் அவள் என்னை அடையாளம் தெரியாமல் விழித்தபோது வண்டி பிடித்தேன்.

மாண்டலே ஆஸ்பத்திரியில் முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே வலது காலையே எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"கோ லுவின், கால் எரியுது."

எந்தக் கால் என்று கேட்டேன்.

"இல்லாத காலுதான். இத்தனை வருஷம் வாயே திறக்கல. இப்போதான் சுடுதுன்னு சொல்லுது."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். நான்கு நாள் அந்த எரிச்சலோடு இருந்தாள். விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. ஐந்தாம் நாள் விடியற்காலையில் போய்விட்டாள்.

அவள் இறந்த ஏழாம் நாள் எங்கள் வீட்டில் பிக்குகளுக்கு உணவளித்தோம். சாப்பாடு முடிந்ததும் எங்கள் மடத்துத் தலைமைப் பிக்கு நடந்ததைக் கேட்டார். நான் மறைக்காமல் சொன்னேன். விதியைக் காத்தேன் என்றும் சொன்னேன். கொடையாளிகளை அழைக்கும் சொல்லால் அவர் என்னை அழைத்தார்.

"தாயகரே, பாதம் நோகிறவங்க செருப்பு போட்டுக்கலாம்னு பிக்குகளுக்கே புத்தர் அனுமதி கொடுத்திருக்கார். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, போட்டுக்கட்டும்னுதான் சொல்லியிருப்பேன்."

மடம் எங்கள் கோயில் வாசலிலிருந்து கூப்பிடு தூரம். கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கோயில் விஷயத்தில் எங்கள் குடும்பம் யாரையும் கேட்டதில்லை. நீலார் எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை புறப்பட்டாள். எங்கள் வழக்கப்படி, பயணம் போகும் பிள்ளைகள் மண்டியிட்டுப் பெரியவர்களை மூன்று முறை வணங்கிவிட்டுத்தான் படியிறங்குவார்கள். குழந்தைப் பருவத்திலிருந்து அவள் அதைத் தவறியதில்லை. நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தேன்.

புத்தர் மாடத்தின் முன் மூன்று முறை வணங்கினாள். அம்மாவின் படத்தின் முன் மூன்று முறை வணங்கினாள். எழுந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மருந்தை நேரத்துக்குச் சாப்பிடும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

பஸ் போகும் சத்தம் கேட்ட பிறகும் நான் முதுகை வளைக்காமல் அந்தப் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன்.