இடது தோளில் விழும் வெளிச்சம்

அன்று கடைசியாகப் படமெடுக்க வந்தவர் ஒரு வக்கீல். தலையில் பேருக்குக்கூட ஒரு முடி இல்லை. கறுப்புத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் அவரை உட்கார வைத்துவிட்டு, போட்டோக்காரர் கேமராவுக்குப் பின்னால் குனிந்தார். அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, சின்ன விளக்கைக் கையில் பிடித்தபடி வழக்கம்போல வக்கீலின் முதுகுக்குப் பின்னால் குந்தியிருந்தான்.

"அத்தான், இந்தத் தலைக்கு நம்ம விளக்கு எதுக்கு? சாரே நமக்கு வெளிச்சம் குடுப்பாரு."

வக்கீல் கோபிக்கவில்லை, சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் படமாயிற்று. அதற்குள் மச்சான் விளக்கைத் தலையிலிருந்து தோளுக்கு இறக்கியிருந்தான்.

முன்விளக்கு முகத்துக்கு, அதை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். பின்விளக்கின் வேலை வேறு. முடியின் ஓரத்திலும் தோளிலும் நூலளவு கோடு இழுத்து, ஆளைத் திரையிலிருந்து பிரித்து நிறுத்த வேண்டும். அது இல்லாவிட்டால் கறுத்த முடி கறுப்புத் துணியோடு கலந்துபோய், ஆணியில் மாட்டிய முகமூடி மாதிரி முகம் மட்டும் தொங்கும். பார்க்கிறவனுக்கு அப்படியொரு விளக்கு இருப்பதே தெரியக்கூடாது, தெரிந்தால் அது அதிகம் என்பது மச்சானின் சட்டம். ஸ்டாண்டில் வைக்கவே மாட்டான். சுருட்டை முடிக்குத் தள்ளிப் பிடிப்பான், எண்ணெய்த் தலைக்குத் துணி கட்டிப் பிடிப்பான், வழுக்கைக்குத் தோளோடு நிறுத்திக்கொள்வான்.

ஏன் எப்போதும் இடது தோளிலேயே வெளிச்சம் என்று யாராவது கேட்டால், "இதயம் இருக்கற பக்கம்ங்க" என்பான், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். உண்மை என்னவென்றால் பிளக் அந்தப் பக்கத்துச் சுவரில் இருந்தது. வயர் வலது பக்கம் எட்டாது. எக்ஸ்டென்ஷன் பெட்டி வாங்கப்போவதாகப் பதினாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

வக்கீல் போனதும் செருப்பை மாட்டினான். "இன்னிக்கு வாங்கிடறேன் அத்தான். நாளையிலேர்ந்து மனுஷனுக்கு வலது பக்கமும் உண்டு."

நாலு கடை தள்ளித்தான் மின்சாமான் கடை. அதன் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வயது நாற்பத்தொன்று.

எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு மனைவி அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: கூடத்தில் மாட்டத் தம்பியின் படம், நல்லதாக ஒன்று. போட்டோக்காரன் வீட்டில் படத்துக்கா பஞ்சம் என்று அவரும் நினைத்தார். தேடினால் ஏழோ எட்டோதான் இருந்தன. எல்லாமே வாடிக்கையாளர் வருவதற்குள் முன்விளக்கைச் சோதிக்க அவனை ஸ்டூலில் உட்காரவைத்து எடுத்தவை. இருப்பதில் நல்லதை அச்சிட்டுக் கொடுத்தார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "இவன் தலை எங்கங்க?"

தலை திரைக்குள் போயிருந்தது. அவன் ஸ்டூலில் உட்கார்ந்தால் பின்விளக்கைப் பிடிக்க ஆள் ஏது?

"ஊருக்கெல்லாம் பிடிச்சான். அவனுக்குப் பிடிக்க ஒருத்தர் எழுந்து வரலியா?"

குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் அவரைச் சுட்டது. எழுந்து வந்திருக்க வேண்டிய ஒருத்தர் யார் என்று அவருக்குத் தெரியாதா? கேமராவுக்கும் ஸ்டூலுக்கும் நடுவே எட்டு அடி. பதினாறு வருஷத்தில் ஒருநாள்கூட அதைக் கடக்கத் தோன்றவில்லை.

கம்ப்யூட்டரில் முடியோரம் ஒரு கோடு வரைந்து பார்த்தார். தலையில் நூல் ஒட்டிக்கொண்டது போலிருந்தது. எந்த விளக்கும் அப்படி விழாது. அழித்துவிட்டார்.

அப்போதுதான் தான் வெட்டி எறிந்தவை நினைவுக்கு வந்தன. படத்தின் ஓரத்தில் அடிக்கடி மச்சானின் முழங்கையோ காதோ நுழைந்துவிடும். "உன்னை யாருடா படம் எடுக்கச் சொன்னது?" என்று திட்டிவிட்டு, அதை வெட்டித்தான் அச்சிடுவார். வெட்டாத மூலங்கள் அப்படியே கிடந்தன.

மூன்று நாள் ஸ்டூடியோவைப் பூட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தார். எத்தனை முழங்கைகள், எத்தனை விரல்கள். ஒன்றில் அரைக் குதிகால். நாலாம் நாள் முற்பகலில் திறந்த படத்தில் ஒரு தாயும் இரட்டைக் குழந்தைகளும் இருந்தார்கள். குழந்தை உதறிய செருப்பை எடுக்கத் தாய் குனிந்திருந்தாள். அவள் இருந்த இடத்தில் மச்சான், முழுசாக. பின்னால் திரும்பிப் பார்த்த குழந்தையைச் சிரிக்கவைக்கப் பல்லை இளித்துக்கொண்டு. அதன் கண்ணில் படாமலிருக்க விளக்கைத் தன் பக்கம் திருப்பியிருந்தான். முடியோரம், காது மடல், தோள், எல்லாவற்றிலும் அந்த நூலளவு வெளிச்சம்.

தாயையும் பிள்ளைகளையும் வெட்டினார். அவனை வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் மங்கலா இருக்கே" என்றாள் மனைவி.

"அவன் பின்னால இருந்தான். நான் முன்னால இருந்தவங்களைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

படச்சட்டத்தின் கண்ணாடியில் படிந்த தன் விரல் தடத்தை அவள் துடைத்தாள். "பரவால்லீங்க. தலை இருக்கு."

இப்போது விளக்கு ஸ்டாண்டில் நிற்கிறது. ஒவ்வொரு தலைக்கும் அவர் எழுந்துபோய்த் திருப்பிவிட்டுத் திரும்பி வந்து, கேமராவில் பார்த்து, மறுபடி எழுந்து போகிறார். மொட்டைத்தலை வந்தால் தோளோடு நிறுத்துகிறார். யாரும் கேலி பேசுவதில்லை. மின்சாமான் கடை வழியாகத்தான் தினமும் போய்வருகிறார்.

வயர் வலது பக்கம் எட்டுவதில்லை. வருகிற எல்லோருக்கும் வெளிச்சம் இடது தோளில்தான் விழுகிறது.