ரத்தத்தில் சத்து இல்லை

மகனின் உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் தெருமுனை திரும்பும்வரை ஷரீபுன்னிசா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் மறைந்ததும் கூடத்துப் பெண்களிடம் மறுபடியும் ஆரம்பித்தாள்.

"ரத்தத்துல சத்தே இல்லைன்னுட்டாங்க. காங்கோவுல தானா ஆக்கித் தின்னப்பகூட எம்புள்ள நல்லாத்தான் இருந்தான். லீவுல வந்து ஒரு மாசம் பொண்டாட்டி கையால சாப்பிட்டான், போயிட்டான்."

உள்ளறையில் வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருந்த நஜீபாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கேட்கட்டும் என்றுதானே மாமி சொல்வதே. ஆஸ்பத்திரியிலிருந்து இதே பேச்சுதான். மலேரியா முற்றியவர்களின் ரத்தத்தில் வைட்டமின்கள் எவ்வளவு இருக்கின்றன என்று அங்கே ஓர் ஆராய்ச்சி. அவள் கணவன் அஜ்மீரிடமும் ரத்தம் எடுத்தார்கள். ஏ, சி, ஈ மூன்றுமே ரொம்பக் குறைவு என்று வராந்தாவில் ஒரு டாக்டர் பெண் சொன்னாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மாமி அதைப் பிடித்துக்கொண்டாள்.

நஜீபாவுக்கு அழக்கூடத் தெம்பில்லை. மீனும் கீரையுமாகத்தானே ஆக்கிப் போட்டேன், எதில் குறை வைத்தேன் என்று மனம் அடுப்படியையே சுற்றி வந்தது. காய்ச்சலில் ரசஞ்சோறு போதும் என்றான். சரியென்று அதையே கொடுத்தாள். பழம் பிழிந்து கொடுத்திருக்கலாமோ? நானேதான் கொன்றுவிட்டேனோ? யாரிடம் போய்க் கேட்பது இதை.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு அந்த டாக்டர் பெண்ணே வந்தாள். தாமரைச்செல்வி என்று பெயர் சொன்னாள். கோட்டுச்சேரிக்குப் போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறாள். கூடத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த ஷரீபுன்னிசாவைத் தாண்டி வந்து, நஜீபாவின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரியில உங்க மாமியார் உங்களப் பேசுனதக் கேட்டேன்க்கா. நான் சொன்னதாலதானேன்னு மனசே சரியில்ல. அது சாப்பாட்டால வந்ததில்ல. மலேரியா முத்திட்டா பெரும்பாலும் எல்லாருக்குமே அதெல்லாம் கொறஞ்சுதான் இருக்கு. நோயோட மல்லுக்கட்டுறதுலயே ஒடம்பு அதச் செலவழிச்சுடுது."

"அப்ப நான் ஆக்கிப் போட்டதுல..."

"ஒரு கொறையும் இல்லக்கா."

நஜீபாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்கினாள். தாமரைச்செல்வி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"காய்ச்சல் கண்டதுமே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். ஏன்க்கா லேட் பண்ணீங்க?"

நஜீபா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நாத்தனார் நௌஷினுக்கு அந்த வாரம் நிச்சயம். ஆஸ்பத்திரிக்குப் போவோம் மச்சான் என்று நஜீபா அஜ்மீரிடம் கெஞ்சினாள். 'மாப்பிள்ள வீட்டுக்காரங்க வர்ற நேரத்துல வீட்டு ஆம்பள ஆஸ்பத்திரியில கெடந்தா நல்லாவா இருக்கும்? நிச்சயம் முடியட்டும்' என்றாள் மாமி. அஜ்மீர் உம்மா பேச்சைத் தட்டாதவன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நடுங்க நடுங்கப் பந்தியில் நின்றான். மறுநாள் நினைவு தப்பிவிட்டது.

டாக்டர் பெண் போன பிறகு, பக்கத்து வீட்டார் கொடுத்தனுப்பிய கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள் நஜீபா. ஷரீபுன்னிசா எழுந்து சுவரில் சாய்ந்திருந்தாள்.

"அந்தப் புள்ள என்ன சொல்லிட்டுப் போவுது?"

சொல்லிவிடலாம். டாக்டரே சொன்னது. இத்தனை பேச்சுக்கும் ஒரே வார்த்தையில் பதில். நஜீபா வாயைத் திறப்பதற்குள் மாமியே மறுபடி கேட்டாள். குரல் உள்ளே போயிருந்தது.

"லேட்டா கொண்டாந்தோம்னு... எதுவும் சொன்னுச்சா?"

நஜீபா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இல்ல மாமி. சத்து கொறைஞ்சுதான் போயிட்டாருன்னு சொல்லுது."

"நான்தான் சொன்னேன்ல" என்றாள் ஷரீபுன்னிசா.

"சொன்னீங்க. இதக் குடிங்க."

நேற்றிலிருந்து ஒன்றும் தொடாதவள் கிண்ணத்தை வாங்கினாள். கிண்ணம் சாய்ந்து கஞ்சி சிந்தியது. நஜீபா கீழே உட்கார்ந்து, கிண்ணத்தின் அடியில் தன் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள்.