சீஸ் ரோல் இட்ட முட்டைகள்

மீன்பிடிக்கப் போகும்போது எடுத்துச்செல்லும் ஐஸ் பெட்டியில் ராவிரி தன் ஆண் பல்லியை வைத்துக் கொண்டுவந்தான். பெட்டிக்குள் ஐஸ் இல்லை. துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பை இருந்தது. அதன்மேல் கண்ணை மூடிக்கொண்டு, பெரிய மனிதர் மதியத் தூக்கம் போடுவதுபோல், பம்பர் படுத்திருந்தது. உலகத்தின் தென்கோடியில் இருக்கும் எங்கள் இன்வர்கார்கிலில் செப்டம்பர் மாதத் தெற்குக் குளிர்காற்றுக்கு எங்களுக்கே வெந்நீர்ப் பை வேண்டியிருக்கும். சிறுத்தைப் பல்லிக்குக் கேட்கவா வேண்டும்.

"உன் சீஸ் ரோல் ரெடியா?" என்று வாசல் கேட்டில் நின்றபடியே கேட்டான்.

சீஸ் ரோல் என் பெண் பல்லி. காலையில் பேக்கரியில் நான் ரொட்டிக்குள் சீஸ் வைத்துச் சீஸ் ரோல் சுருட்டுகிறேன். அடுப்பிலிருந்து எடுத்ததும் ரொட்டிக்கு வரும் மஞ்சளும், அதன்மேல் விழும் பழுப்புப் புள்ளிகளும், நடுவில் புடைப்பும் அப்படியே அவளுக்கும் இருந்ததால் அந்தப் பெயர்.

தலையாட்டினேன்.

"நீ பேசவே மாட்டியா?"

அதற்கும் தலையாட்டினேன். எந்த அர்த்தத்தில் என்று எனக்கே தெரியவில்லை. சாரணர் கூடத்தில் நடக்கும் பல்லி வளர்ப்போர் கூட்டத்துக்கு ஒரு வருடமாகப் போகிறேன். தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. அங்கே என் குரலைக் கேட்டவர் யாரும் இல்லை. ராவிரியோடு பேசியதெல்லாம் ஃபோனில், எழுத்தில். எழுத்தில் நான் பெரிய வாயாடி.

இப்போதும் ஃபோனை எடுத்து எழுதினேன். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றவனின் பாக்கெட்டில் டிங் என்றது. 'பம்பரைக் கடன் குடுக்கறதுக்கு வழக்கப்படி குஞ்சுல ஒண்ணு உனக்கு. எது வேணுமோ நீயே முதல்ல எடுத்துக்கோ.'

படித்துவிட்டுச் சிரித்தான். டயர் கடையில் வேலை செய்பவன்; சிரிக்கும்போது வாயை மூடிய விரல்களில் கறுப்பு அப்பியிருந்தது.

"குஞ்சு வேணாம். வீட்ல ஏற்கனவே ஒரு பட்டாளம் இருக்கு. இன்னொண்ணு வந்தா எங்கம்மா என்னையும் தொட்டியில போட்டு மூடிடுவாங்க. அதுக்குப் பதிலா ஒண்ணு செய். பொரிஞ்சா நீ எனக்கு ஃபோன் பண்ணணும். மெசேஜ் கிடையாது. வாயால."

டிங். 'பொரியலன்னா?'

"பொரியலன்னா மெசேஜ் போதும்," என்று சொல்லி, பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, வண்டியில் ஏறினான்.

முட்டை பொரிந்தால் அவனோடு பேச வேண்டும். பொரியாவிட்டால் பேச வேண்டாம். நான் எதை விரும்புகிறேன் என்று வீட்டுக்குள் வந்து கூடத்துக் கண்ணாடியைப் பார்க்கும்வரை தெரியவில்லை. காது வரைக்கும் சிவந்து, பல்லெல்லாம் தெரிய ஒருத்தி அதில் நின்றாள்.

பம்பரைச் சீஸ் ரோலின் கண்ணாடித் தொட்டியில் விட்டேன். வால் நுனியை அது படபடவென்று நடுக்க, அடியில் விரித்திருந்த காகிதம் கிலுகிலுப்பைபோலச் சத்தம் போட்டது. சீஸ் ரோல் திரும்பிப் பார்த்து, மெதுவாக நடந்து வந்து, அதன் கன்னத்தில் ஒரு கடி வைத்தாள்.

அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "உங்கப்பாவும் இப்படித்தான், ஒரு காலை ஆட்டிக்கிட்டே வந்து நின்னார். நானும் இப்படித்தான் செஞ்சிருக்கணும்."

ஆனால் சீஸ் ரோல் மனம் மாறினாள். பம்பர் கன்னத்தில் ஒரு தழும்போடும் முகத்தில் பெருமையோடும் அதே ஐஸ் பெட்டியில் வீடு திரும்பியது. கொஞ்ச நாளில் அவளுடைய வயிற்றுத் தோலுக்கு அடியில் இரண்டு வெள்ளை உருண்டைகள் நிழலாகத் தெரிந்தன. அக்டோபரில் ஆலங்கட்டி மழை கொட்டிய ஒரு மத்தியானம், அதற்காக வைத்திருந்த ஈரப் பாசிப் பெட்டிக்குள் பாசியைத் தள்ளித் தள்ளி முட்டையிட்டாள். இரண்டு. தோல் மாதிரி மெத்தென்ற ஓடு.

கிடந்த வாக்கிலேயே எடுத்தேன். எடுக்கும் முன்பே ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் ஒரு புள்ளி. பல்லி முட்டைக்கு அதுதான் முதல் சட்டம். கரு ஒரு நாளிலேயே மேல்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் முட்டையை உருட்டினால் அது உள்ளேயே மூழ்கிப்போகலாம். புள்ளி எப்போதும் வானத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும்.

பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் ஈரத் துகள் மண், அதில் இரண்டு குழி, குழிக்கு ஒரு முட்டை. டப்பாவைச் சூட்டுத் தகடும் வெப்பத்தைக் காட்டும் கருவியும் வைத்த தெர்மோகோல் பெட்டியில் வைத்தேன். பெட்டியை வைத்தது சுடுநீர் அலமாரியில். வெந்நீர்த் தொட்டி நிற்கும் அந்தச் சின்ன அலமாரிதான் எங்கள் வீட்டிலேயே உண்மையாகச் சூடான ஒரே இடம். அம்மா ரொட்டி மாவு பொங்க வைப்பதும் ஈரச் சாக்ஸ் காய வைப்பதும் அங்கேதான். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் 'தொடக் கூடாது' என்று எழுதி ஒட்டினேன்.

அப்போது பார்த்து ரேவின் ஆன்ட்டி காலை உடைத்துக்கொண்டாள்.

ரேவின் ஆன்ட்டி அம்மாவின் அக்கா. எங்கள் சவுத்லாந்து வட்டாரத்தில் கோழிக் கண்காட்சி எங்கே நடந்தாலும் குட்டைக்கோழிப் பரிசு அவளுக்குத்தான். கோழிக்கொட்டில் சேற்றில் வழுக்கி விழுந்தாள். கணுக்காலில் மாவுக்கட்டு. கோழிகளைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஊன்றுகோலும் ஒரு பையுமாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். முட்டைகளோடேயே வாழ்ந்த கைகள். இப்போது அவற்றுக்கு வேலை இல்லை.

சனிக்கிழமை காற்றோட்டத்துக்காக டப்பாவைத் திறந்தேன். புள்ளிகளைக் காணோம். அவை இருந்த இடத்தில் நீலப் பென்சிலால் அழகாகப் போட்ட இரண்டு பெருக்கல் குறிகள் என்னைப் பார்த்தன.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். ஆன்ட்டி சோபாவில் காலை நீட்டி டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், பாத்து! குலுக்காதே!" என்றாள். "இப்பதான் காலை முறை திருப்பி வெச்சேன்."

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"நீ ஒரு பக்கம்தான் குறி போட்டிருந்தே, செல்லம். அடுத்த பக்கமும் போடணும். இல்லைன்னா திருப்பினது எது, திருப்பாதது எதுன்னு எப்படித் தெரியும்? திங்கக்கிழமையில இருந்து நான்தான் பாத்துக்கறேன். காலையில, மத்தியானம், சாயங்காலம். நன்றியெல்லாம் வேணாம்."

"தொடக் கூடாதுன்னு…" என் குரல் கொசு போல வந்தது.

"அதா? அது உங்கம்மா கிளெனிஸுக்கு எழுதினதுன்னு நெனச்சேன். முட்டையைப் பத்தித் தெரியாதவங்களுக்கு. எனக்கா எழுதினே?"

"ஆன்ட்டி… பல்லி முட்டையைத் திருப்பவே கூடாது."

அவள் கையிலிருந்த கோப்பை பாதி வழியில் நின்றது. "திருப்பாம எப்படிடி பொரியும்? கோழி மாதிரி பல்லி அம்மா திருப்ப மாட்டாளா?"

"வந்து பாக்கவே மாட்டா. இட்டுட்டுப் போயிடுவா."

"என்ன அம்மா அவ!"

"நல்ல அம்மா," என்றாள் என் அம்மா அடுக்களையிலிருந்து. "எனக்கும் அந்த யோசனை வந்தது உண்டு."

யாரும் சிரிக்கவில்லை. ஆன்ட்டியின் முகம் சாம்பலாகிவிட்டது. நான் முட்டைகளை ஒரே ஒரு தடவை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, புள்ளி மேலே வரும்படி வைத்தேன். திரைச்சீலையை இழுத்துவிட்டு ஃபோன் வெளிச்சத்தை அடியில் பிடித்தேன். ஒரு முட்டை வெறும் மஞ்சளாகத் தெரிந்தது. இன்னொன்றில் மெல்லிய சிவப்பு நரம்பு, ஆற்றுப் படம்போல, கிளை பிரிந்திருந்தது.

"உயிர் இருக்கு," என்று ஆன்ட்டி குசுகுசுத்தாள். "இல்லை?"

"இப்போதைக்கு இருக்கு."

அன்றிலிருந்து சுடுநீர் அலமாரிக்குக் காவல் வந்துவிட்டது. கதவுக்கு எதிரே ஒரு நாற்காலி, அதில் ஆன்ட்டி, அவள் மடியில் ஊன்றுகோல். சாக்ஸ் காயவைக்கப் போன அப்பா துரத்தப்பட்டார்.

"என் வீட்டுத் துண்டை எடுக்க நான் பாஸ்போர்ட் காட்டணுமா?" என்றாள் அம்மா.

"கதவைத் திறந்தா சூடு போயிடும், கிளெனிஸ். உடம்பு தானாவே காயட்டும்."

சூட்டைப் பற்றி விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட நாளில்தான் ஆன்ட்டிக்குத் தலையே சுற்றிவிட்டது. முட்டையைக் கொஞ்சம் குளிர்ச்சியாக வைத்தால் பெரும்பாலும் பெண், சூட்டைக் கூட்டினால் பெரும்பாலும் ஆண் என்று நான் சொன்னேன். அவளிடம் பேசுவது எனக்கு எப்போது இவ்வளவு சுலபமானது என்று கவனிக்கவில்லை.

"பொத்தானை அமுக்கினா பொண்ணா?" ஊன்றுகோலைத் தரையில் தட்டினாள். "ஒவ்வொரு வருஷமும் பாதிக்குப் பாதி சேவலாப் பொரிச்சு, யார் தலையில கட்டறதுன்னு ஊர் ஊரா அலையறேனே! போன வருஷம் பாதிரியாருக்கே மூணு சேவல் கொடுத்தேன். இன்னிக்கும் என்னைப் பாத்தா தெருவைத் தாண்டிப் போறார். என் கோழிக்கு இல்லாத வசதி உன் பல்லிக்கு!"

மஞ்சளாகத் தெரிந்த முட்டை நவம்பரில் குழிந்து பூசணம் பிடித்தது. ஆன்ட்டி அதைக் கைக்குட்டையில் சுற்றித் தோட்டத்து ருபார்ப் செடிக்கு அடியில் புதைத்தாள். மழையில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றாள். "மன்னிச்சுக்கோ," என்று மண்ணைப் பார்த்துச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தும் சொன்னாள்.

ராவிரிக்கு எழுதினேன். 'ஒண்ணு போச்சு.'

'இன்னொண்ணு?'

'தெரியல.'

பிறகு ஒரு படம் வந்தது: மின்கம்பி செருகிய அவனுடைய ஃபோன், கண்ணாடியில் பார்த்து எடுத்தது. கீழே, 'எப்பவும் சார்ஜ்லயே வெச்சிருக்கேன். சும்மா சொன்னேன்.'

அன்று பேக்கரியில் நான் ஒரு தட்டு முழுக்க ரொட்டியைச் சீஸ் வைக்காமலேயே சுருட்டினேன்.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் கோடையில், சாயங்காலமாகியும் போகவே மாட்டேன் என்று வெயில் நின்றுகொண்டிருந்த ஒரு நாள், அலமாரிப் பக்கம் ஒரு கூச்சல்.

"மெரின்! வேர்த்துக் கொட்டுது! அதுக்குக் காய்ச்சல்!"

ஓடினேன். முட்டையின்மேல் பொடிப்பொடியாக நீர்த்துளிகள். ஒரு பக்கம் உள்வாங்கிக் கிடந்தது, யாரோ கட்டைவிரலால் அமுக்கியதுபோல. பொரிவதற்கு முன் முட்டை வேர்க்கும், குழியும் என்று கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். ஆனால் ருபார்ப் செடிக்கு அடியில் கிடப்பதும் முதலில் குழியத்தான் குழிந்தது. எது எது என்று எப்படிச் சொல்வது?

"என்ன செய்யணும்?" என்றாள் ஆன்ட்டி.

"ஒண்ணும் செய்யக் கூடாது."

"ஒண்ணுமே இல்லையா?" உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்குத் தாங்கவில்லை. டப்பாவின்மேல் குனிந்து, தொண்டைக்குள்ளிருந்து, "க்ளக்… க்ளக்… க்ளக்…" என்றாள். அடைகாக்கும் கோழி, ஓட்டுக்குள் இருக்கும் குஞ்சுக்குக் கொடுக்கும் குரல்.

"அக்கா, அது பல்லி," என்றாள் அம்மா.

"அதுக்கு எப்படித் தெரியும்? இன்னும் கண்ணாடி பாக்கலையே."

அம்மா சிரித்தாள். நான் சிரித்தேன். அப்பா ஈரச் சாக்ஸோடு வந்து நின்று, எதற்கென்று தெரியாமல் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் முட்டையில் ஒரு கீறல் விழுந்தது. கத்தியால் கோடு போட்டதுபோல நேராக. அதற்குள்ளிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. மூச்சு வாங்கியது. ஓய்வெடுத்தது. மறுபடி தள்ளியது. பிறகு, சட்டென்று, ஈரம் சொட்ட மொத்த உடம்பும் வெளியே வந்தது. சிறுத்தைப் புள்ளிகள் வருவதற்கு இன்னும் நாள் ஆகும். இப்போது மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக, தேனீக்கு வால் முளைத்ததுபோல இருந்தது.

ஆன்ட்டி அழுதாள். "நான் உருட்டின உருட்டலுக்குத் தப்பிச்சு வந்திருக்கு. ஃபோனை எடுடி."

ஃபோன் என் கையிலேயேதான் இருந்தது. விரல் அவன் பெயரின்மேல் இருந்தது. வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அமுக்கினேன்.

அந்தப் பக்கம் முதல் மணியே முழுதாக அடிக்கவில்லை.

"ஹலோ?" என்றான்.

வாய் திறந்தது. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. அம்மா கையால் சைகை காட்டினாள். அப்பா சாக்ஸை ஆட்டினார்.

"ஹலோ? மெரின்?"

ஆன்ட்டி பொறுமை இழந்து, குஞ்சின் முகத்தை எனக்குக் காட்டலாம் என்று ஒரு விரலை நீட்டினாள். அவ்வளவுதான். விரல் நீளம்கூட இல்லாத அது நான்கு கால்களையும் விறைத்து எழுந்து நின்று, முதுகை வளைத்து, வாயை முழுக்கப் பிளந்து, அவளைப் பார்த்துக் கத்தியது. கிறீச்சென்ற கத்தல். ஆன்ட்டி ஊன்றுகோலோடு நாற்காலியில் விழுந்தாள்.

ஃபோனில் ராவிரி மிக மரியாதையாகக் கேட்டான்:

"அது… நீயா?"

எனக்குள் ஏதோ உடைந்து சிரிப்பாகக் கொட்டியது.

"இல்ல," என்றேன். "இது நான்."

"எது நீ? சரியா கேக்கல. இன்னொரு தடவை சொல்லு."

"பொய். கேட்டுச்சு உனக்கு."

"கேட்டுச்சுதான். இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். அப்புறம் முட்டை வேர்த்ததைச் சொன்னேன், க்ளக் க்ளக்கைச் சொன்னேன், ருபார்ப் செடியைச் சொன்னேன், சீஸ் இல்லாத சீஸ் ரோலைக்கூடச் சொன்னேன். எழுதுகிற வேகத்திலேயே பேச வந்தது. பின்னால் அவன் வண்டிச் சாவி கிலுங்குவது கேட்டது.

"வர்றானா?" என்று ஆன்ட்டி என் சட்டையை இழுத்தாள்.

தலையாட்டினேன்.

"சரி. முட்டையை யார் திருப்பினாங்கன்னு மட்டும் சொல்லிடாதே."

"ஏற்கனவே சொல்லிட்டேனே ஆன்ட்டி."

"அடிப்பாவி," என்றாள் அவள். "வாயே இல்லாத பொண்ணுன்னு இத்தனை நாள் நம்பிட்டேனே."