காலர் வேண்டாம்

கையேடு மொழிபெயர்ப்பது என் தொழில். மிக்ஸியோ தையல் மெஷினோ வாங்கினால் பெட்டிக்குள் ஒரு தாள் மடித்துக் கிடக்குமே, அது நான் எழுதியது. நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள், தெரியும். பதினெட்டு வருடத்தில் அதில் ஒரு தப்பு என்று எவரும் விரல் நீட்டியதில்லை. அச்சான பிறகு நானும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. தன் எழுத்தைத் தானே படித்து ரசிப்பது அற்பத்தனம்.

இந்த முறை வந்தது, வீட்டில் தனியாக எடை தூக்குகிறவர்களுக்கான கையேடு. மாதிரிக்கு ஒரு பெஞ்சும் நீளமான இரும்புக் கம்பியும் வட்ட வட்டமாக எடைகளும் வந்து இறங்கி முன்னறையை அடைத்துக்கொண்டன. வியாழக்கிழமை நாலு மணிக்கு மூவாயிரம் பிரதி ஓடும் என்றார் அச்சக மேனேஜர். அவருக்கு எல்லாமே நாலு மணிதான். எங்கள் வீட்டில் அவர் பெயரே நாலுமணி.

முதல் பக்கத்தை வழக்கம்போல மனைவியிடம் நீட்டினேன். அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். "நல்லா இருக்குங்க" என்பாள். அதைக் கேட்கத்தான் நீட்டுவதே. இந்த முறை அவள் பாதியில் நிமிர்ந்தாள்.

"'தூக்குமுன் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கவும்'னு போட்டிருக்கீங்களே, வெந்நீர்லயா, அடுப்புலயா?"

"படிக்கிறவனுக்குப் புரியும்."

"எனக்கே புரியலையே. படத்துல பாத்தா, கையைக் கால வீசி, நாலு தடவை உக்காந்து எந்திரிச்சு, வெறும் கம்பிய முதல்ல தூக்கிப் பாக்கச் சொல்றாங்க. அதை அப்படியே எழுதிடலாம்ல?"

எனக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறிவிட்டது. "பதினெட்டு வருஷமா எழுதறவனுக்குப் பாடமா?" என்று கத்திவிட்டு, அவள் சொன்னதையே அவளுக்குத் தெரியாமல் எழுதிக்கொண்டேன். மீதிப் பக்கங்களை அவள் கண்ணிலேயே காட்டாமல் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: பெஞ்சில் படுத்துத் தனியாகத் தூக்கும்போது காலர் வேண்டாம். நியாயம்தானே, கழுத்தை இறுக்கும். மொட்டையாக விட மனமில்லாமல் என் கையிலிருந்தும் கொஞ்சம் சேர்த்தேன். "காலர் வைத்த சட்டையைத் தவிர்க்கவும். பனியன் உத்தமம்."

வியாழக்கிழமை காலை எல்லாவற்றையும் நகலெடுத்து அச்சகத்துக்கு அனுப்பினேன். மனைவி கடைக்குப் போயிருந்தாள். மூன்று மணிக்கு வீட்டில் நானும் அந்த இரும்பும் மட்டும். எழுதியவனே ஒரு முறை தூக்கிப் பார்த்தால் என்ன என்று கை துறுதுறுத்தது.

முறைப்படிதான் ஆரம்பித்தேன். கையை வீசியதில் காலண்டர் கீழே விழுந்தது. உட்கார்ந்து எழுந்ததில் முழங்கால் இரண்டும் சொடக்குப் போட்டன. வெறும் கம்பியைப் பத்து தடவை தூக்கியதும் நெஞ்சு நிமிர்ந்தது. பக்கத்துக்கு ஐந்து கிலோவில் தொடங்கவும் என்று எழுதியிருந்தேன். அது ஊராருக்கு. நான் பதினைந்து மாட்டினேன். எடை நழுவாமலிருக்க இரண்டு முனையிலும் இரும்பு வளையத்தைப் போட்டு இறுக்கித் திருகினேன். முனகல் அக்கம்பக்கத்தில் கேட்டால் மானம் போகும் என்று ஜன்னலையும் சாத்தினேன். சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு படுத்தேன்.

முதல் தடவை கம்பி மேலே போனது. இரண்டாவது தடவை யோசித்து யோசித்துப் போனது. மூன்றாவது தடவை என் நெஞ்சின் மேல் இறங்கி, வேண்டாத விருந்தாளி போல உட்கார்ந்துகொண்டது.

"யாராவது வாங்களேன்!" என்று கத்தினேன். கொசு பாடியது போல இருந்தது. போன் மேஜைமேல். ஒரு பக்கம் சாய்த்தால் எடை வழுக்கி விழுந்துவிடும், தப்பித்துவிடலாம் என்று சாய்த்தேன். எடை அசையவில்லை. நான் திருகிய வளையம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்போது புரிந்தது. காலர் என்றால் அந்த வளையம்.

மூலத்தை எழுதிய மகான் முதல் பக்கத்துப் படத்தில் அதற்கு ஒரு பெயரும் மூன்றாம் பக்கத்தில் வேறு பெயரும் வைத்திருக்கிறான். திட்ட எனக்கு மூச்சில்லை. அதைவிட, நாலு மணிக்கு மூவாயிரம் பெட்டிக்கு அந்தத் தாள் தயாராகிவிடும். எங்கேயோ ஒருத்தி, கதவைச் சாத்திக்கொண்டு, நான் சொன்னதை நம்பிச் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு படுப்பாள். உண்மையாகவே பயந்தது அப்போதுதான்.

அடுத்த வரி நினைவுக்கு வந்தது: மாட்டிக்கொண்டால் கம்பியை வயிற்றின் மேல் மெல்ல உருட்டி, தொடைக்கு வந்ததும் எழுந்து உட்காரவும். எந்த முட்டாளுக்கு இது என்று சிரித்துக்கொண்டே எழுதிய வரி. உருட்டினேன். வயிற்றைத் தாண்டும்போது மதியச் சாப்பாடு வாய்வரை வந்து திரும்பியது. எழுந்து உட்கார்ந்து மணியைப் பார்த்தேன். மூன்று நாற்பது.

அச்சகத்து நாலுமணிக்கு உடனே போன் போட்டேன்.

"சார், மூணாம் பக்கத்துல ஒரு... ஒரு தப்பு. என்னோடதுதான். மெஷினை நிறுத்துங்க."

"இன்னும் ஓட்டலை சார். உங்க வீட்டம்மா போனுக்குத்தான் காத்திட்டிருக்கேன்."

"அவ எதுக்குப் போன் பண்ணணும்?"

அவர் தயங்கினார். "எப்பவும் அவங்கதானே மூணரைக்குக் கூப்பிட்டுத் திருத்தம் சொல்லுவாங்க. இன்னிக்கு என்னமோ, பக்கத்தைக் கண்ணுலயே காட்டலைன்னு காலையிலயே கூப்பிட்டு வருத்தப்பட்டாங்க, மறுபடி கூப்பிடற வரைக்கும் ஓட்டாதீங்கன்னாங்க. தையல் மெஷின் நேரத்துலேருந்தே வழக்கம்தானே சார்? உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

தையல் மெஷின் என் முதல் கையேடு.

மேனேஜரிடம் நாளைக்கு ஓட்டச் சொன்னேன். பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக நாலு மணி தள்ளிப்போனது. மனைவி ஆறு மணிக்கு வந்தாள். டிராயரைத் திறந்து எல்லாப் பக்கங்களையும் அவள் கையில் கொடுத்து, சிவப்புப் பேனாவையும் வைத்தேன். வெட்கமாக இருந்தது. அவள் நின்றபடியே படித்தாள். மூன்றாம் பக்கத்தில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"பனியன் உத்தமமா?"

நிமிர்ந்தவள் என் பனியனுக்கு மேலே தெரிந்த சிவந்த கோட்டைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"இல்ல. நீ மொதல்ல திருத்து," என்றேன். "இனிமே என் முன்னாடியே திருத்து."