மியூட் போட்ட பத்து நிமிஷம்

மதியச் சாப்பாட்டு நேரத்தில், பழைய ஃபைல்கள் அடுக்கியிருந்த அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, செல்போனை மடியில் வைத்துக்கொண்டாள். இருப்பது முப்பது நிமிஷம். அதற்குள் நேர்காணல் முடிந்தாக வேண்டும்.

ஆஸ்பத்திரியின் புகார் எண்ணில் பதினெட்டு வருஷமாகப் போன் எடுக்கிறவள் அவள். கூட வேலை செய்கிறவர்களுக்குப் புகாரக்கா. ஒரு அழைப்புக்கு ஆறு நிமிஷம். ஐந்தாவது நிமிஷத்தில் எதிரே சிவப்பு விளக்கு எரியும். அதற்குள் "உங்க சிரமம் எங்களுக்குப் புரியுதுங்க" என்று மூன்று தரம் சொல்லி முடித்துவிட வேண்டும். எதிர்முனையில் யாராவது அழ ஆரம்பித்தால் அவள் கட்டைவிரல் தானாக மியூட் பொத்தானுக்குப் போய்விடும். கொட்டாவி விடுவதற்கு, தண்ணீர் குடிப்பதற்கு, சில நாள் வெறுமனே பெருமூச்சு விடுவதற்கு. அழுகிறவர்களுக்கு அது தெரியாது. பொறுமையாகக் கேட்கிறாள் என்று நினைத்து வாழ்த்திவிட்டு வைப்பார்கள்.

அந்த வாழ்த்துகள்தான் அவளை அரித்தன. புத்தர் வழித் தியானத்தோடு மனநல ஆலோசனையும் சொல்லித்தரும் இரண்டு வருஷப் பட்ட மேற்படிப்பு பற்றிப் படித்தபோது, அதில் ஒரு வரி அவளைப் பிடித்துக்கொண்டது. முதல் வருஷம் யாருக்கும் ஆலோசனை சொல்ல விடமாட்டார்களாம். உட்காரவும் கேட்கவும் மட்டும்தான் பழக்குவார்களாம்.

"நாள் பூரா ஊர் அழுகையக் கேட்டுட்டு வர்ற. அதுக்கு ஒரு படிப்பு வேறயா?" என்றார் வீட்டுக்காரர்.

"சரியாக் கேக்கக் கத்துக்கலாம்னுதான்."

"எங்கப்பா போனப்ப என்கிட்ட என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?" அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார். "'உங்க சிரமம் புரியுதுங்க'ன்ன. கட்டின புருஷன்கிட்ட. நான் புகார் பதிவு எண் கேக்காம விட்டேன், அவ்வளவுதான்."

சிரித்துவிட்டார். அவளால் சிரிக்க முடியவில்லை. அன்றைக்கே விண்ணப்பத்தை அனுப்பினாள்.

அட்டைப்பெட்டியின் மேல் பத்து நிமிஷம் காத்திருந்த பிறகு போன் அடித்தது. பேராசிரியையின் குரல் அவள் கடைசித் தங்கை வயசுதான் இருக்கும் போலிருந்தது.

"கேள்வி ஒண்ணும் இல்லைங்க. பத்து நிமிஷம் ரெண்டு பேரும் பேசாம லைன்ல இருப்போம். அப்புறம் என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. போதும்."

இவ்வளவுதானா என்று தோன்றியது. கண்ணை மூடினாள். முதலில் வெளியே தள்ளுவண்டிச் சக்கரத்தின் கிறீச்சு. பிறகு காலை பத்தரை மணிக்குப் பேசிய ஆள். மனைவியின் வளையல்களை எந்த வார்டில் கேட்பது என்று நாலு தரம் கேட்டவர். மனைவிக்கு என்ன ஆயிற்று என்று இவள் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. பிறகு மாமனாரின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற வீட்டுக்காரர். எத்தனையோ நாளாக உள்ளே கிடந்தது, விசும்பலாக வெளியே வந்தது. அடக்கவில்லை. மூக்கைச் சிந்தினாள், மறுபடி அழுதாள். ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதே ஆறுதலாக இருந்தது.

"பத்து நிமிஷம் ஆச்சுங்க" என்றது குரல்.

"ஸாரிங்க. இப்படி அழுவேன்னு நினைக்கல."



"ஹலோ, இருக்கீங்களா?" என்று குரல் மறுபடி கேட்டது. "உங்க பக்கம் ஒண்ணுமே கேக்கல. மூச்சுகூட."

கையைப் பார்த்தாள். கட்டைவிரல் திரையின் மேல் இருந்தது. எப்போது அழுத்தினோம் என்றே தெரியவில்லை. மியூட்டை எடுத்துவிட்டாள்.

"மியூட்ல போட்டிருந்தேங்க. வேணும்னு இல்ல. பழக்கம்."

"எத்தனை வருஷப் பழக்கம்?"

"பதினெட்டு."

போயிற்று, இனி இவர்கள் நம்மை எடுக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ உட்கார முடியுமா? முடிஞ்ச வரைக்கும்?"

யாரோ கதவைத் தட்டினார்கள். "புகாரக்கா, உங்க லைன் ரொம்ப நேரமா அடிக்குது."

"ஏழு நிமிஷம்தாங்க இருக்கு" என்றாள் போனில்.

"ஏழு போதும்."

செல்போனைப் பக்கத்து ஃபைல் கட்டின் மேல் நிமிர்த்தி வைத்தாள். வலது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால், ரொம்ப மெல்ல, ஒரு மூச்சு. கதவை இன்னொரு தரம் தட்டினார்கள். தொடைக்கு அடியில் கட்டைவிரல் ஒருமுறை துடித்தது.