பதினாறு மணி நேரமும் ஒரு கதவும்

"கூட்டணுமாக்கா, கழிக்கணுமா?" என்று தங்கை கேட்டபோது, நான் ஏணியில் நின்று ஹால் சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன்.

"எதைடி?"

"மாமா அங்க ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்குக் கிளம்பிட்டாரு. பதினாறு மணி நேரம் பறக்கணும். அவங்க ஊர் கடிகாரம் இந்த வளைகுடா நேரத்தைவிட ஒம்போது மணி நேரம் முன்னாடி ஓடுது. அந்த ஒம்போதைத்தான் கேக்கறேன்."

இன்னும் கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் அவளுக்கு மாமாவாகிவிட்டார்!

நான் கூட்டியிருந்தேன். திங்கள் காலை வருகிறார் என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தேன். இந்த லட்சணத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேறு. இப்போது மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. ஞாயிறு மதியம் ஒரு மணி! அதாவது இன்றைக்கு, இன்னும் முக்கால் மணி நேரத்தில்.

பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடினேன். தங்கை காரை எடுத்தாள். போகிற வழியெல்லாம் சிவப்பு விளக்கு.

"நீ திட்டினா அது பச்சையாகுமா? சும்மா வாக்கா!"

எப்படிச் சும்மா இருப்பது? இரண்டு வருடப் பழக்கமும் போனில்தான். நேரில் பார்த்து இரண்டு பேருக்கும் பிடித்தால்தான் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தோம். பதினாலாயிரம் கிலோமீட்டர் தாண்டி வருகிறவர், வாசலில் என்னைக் காணாவிட்டால் என்ன நினைப்பார்? வேண்டாமென்று முடிவு செய்துவிட்டாள் என்றுதானே?

விமானம் வந்துவிட்டதாகப் பலகை சொன்னது. கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கடைசியில் விமானிகளே பெட்டியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அவரை மட்டும் காணவில்லை. போன் போட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"கதவுக்கு உள்பக்கம்."

"பெட்டி வரலையா?"

"அது வந்து அரை மணி நேரமாச்சு."

"அப்புறம் என்ன?"

"பயமா இருக்கு. நேர்ல பாத்துட்டு உங்களுக்குப் பிடிக்கலைன்னா?"

எனக்கு வந்ததே கோபம்! "அவ்வளவு கடலையும் தாண்டி வந்தீங்க, இந்த நாலடி தாண்ட முடியலையா? எனக்கு மட்டும் பயம் இல்லையா? மூணு எண்ணுவேன். அதுக்குள்ள வரலைன்னா நானே உள்ள வந்துடுவேன். ஒண்ணு..."

கதவு திறந்தது. முதலில் தள்ளுவண்டி, பின்னால் கசங்கிய சட்டையோடு அவர். போனில் பார்த்ததைவிடக் கொஞ்சம் குட்டை. காதிலிருந்து போனை எடுக்கக்கூடத் தோன்றாமல் என் முன்னால் வந்து நின்றார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

போனில் நான் ஒன்று கேட்டால், அவருடைய பதில் அத்தனை தூரம் வந்து சேர ஒரு நொடியாவது ஆகும். இரண்டு வருடமாக அதற்குப் பழகியிருந்தேன்.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டு, அந்த நொடிக்காக மூச்சைப் பிடித்துக்கொள்ளப் போனேன்.

"பிடிச்சிருக்கு" என்றார், நான் வாயை மூடுவதற்குள்.