ஆறுமுகசாமியின் வால்வு ஆம்ப்

ஜெகதளாவில் மைக் செட் என்றால் ஆறுமுகசாமிதான். கல்யாணமோ காதுகுத்தோ, அவர் கட்டிய ஸ்பீக்கரில் கரகரப்பு வந்ததில்லை, ஊளையும் கேட்டதில்லை. மைக்கை யாராவது ஸ்பீக்கர் பக்கம் திருப்பி, அது 'கூ' என்று கிளம்புவதற்குள் அவர் கை குமிழைத் திருகியிருக்கும். அதில் மனிதருக்குக் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, அந்த ஊரில் கர்வப்பட வேறு என்னதான் மிச்சம் இருந்தது? பச்சைத் தேயிலை விலை பாதாளத்துக்குப் போய், ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்த காலம் அது. விசேஷங்களும் குறைந்துபோனதில் புது ஆம்ப்ளிஃபயரை விற்றுவிட்டார். கையில் இருந்தது கண்ணாடி வால்வுகள் எரியும் பழைய வால்வு ஆம்ப் ஒன்றுதான். ஃபேக்டரிகள் மூடிய பிறகு அவருக்குக் கிடைத்த முதல் வேலையே இந்தக் கோயில் திருவிழா.

ஜெஸிந்தா அப்படி மூடிய ஃபேக்டரி ஒன்றில் தேயிலைத்தூள் சலித்தவள். சிலோனிலிருந்து வந்த குடும்பம். சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் பழகியவள், ராக் இசை கேட்டுப் பைத்தியமாகி, ஊரைக் காலி செய்துபோன ஊட்டி வாத்தியார் ஒருவரிடம் எலெக்ட்ரிக் கிட்டாரே வாங்கிவிட்டாள். கோயம்புத்தூர் ஹோட்டலில் ராக் குழு நடத்தும் கூடலூர்க்காரன் ஷிஜோவுக்கு லீட் கிட்டார் வாசிக்க ஆள் வேண்டும். அன்று மத்தியானம் திருவிழா மேடையில் இவள் வாசிப்பதைக் கேட்கவே வந்திருந்தான். அவனுக்குப் பிடித்தால் கிட்டார். பிடிக்காவிட்டால் மறுநாளே அக்காவோடு திருப்பூர் பனியன் கம்பெனி.

"அண்ணே, வால்யூமை முழுசாத் திருகிருங்க," என்றாள்.

"ஏனம்மிணி, கரகரங்குமே!"

"கரகரன்னுதான் வரணும் அண்ணே."

கண்ணை மூடிக்கொண்டு திருகினார்.

வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகள்மேல் அழுத்தியபடி ஜெஸிந்தா மீட்டினாள். வாயைப் பொத்தின மாதிரி 'டுக் டுக் டுக்' என்று வந்தது. திடீரென்று கையை எடுத்தாள். இரண்டே தந்திகள்தான், ஆறுமுகசாமியின் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. பிறகு ஒரு தந்தியை விரலால் மேலே தள்ளி வளைத்தாள். சத்தம் விம்மிக்கொண்டே ஏறியது. அப்படியே ஸ்பீக்கர் பெட்டி அருகே போய் கிட்டாரை அதன் முகத்துக்கு நேரே காட்டினாள். ஊளை கிளம்பியது.

ஆறுமுகசாமியின் கை தானாகப் போய்க் குமிழை இறக்கிவிட்டது.

சப்பென்று ஆகிவிட்டது. ஷிஜோ கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தான். ஜெஸிந்தாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, அது கோளாறு இல்ல. நானா வரவழைச்ச சத்தம். கும்பிடுறேன், கை வைக்காதீங்க." மைக்கில் ஷிஜோவிடமும் கெஞ்சினாள். "இன்னும் ஒரே தடவை கேட்டுட்டுப் போங்க."

ஆறுமுகசாமி வால்யூமை மறுபடி முழுசாக ஏற்றிவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

இந்த முறை ஊளை முழுசாகப் பிறந்தது. அவள் வலது கை சும்மா தொங்கியது, தந்தியைத் தொடவே இல்லை. இருந்தும் சத்தம் நிற்கவில்லை! ஸ்பீக்கர் தந்தியை ஆட்ட, தந்தி ஸ்பீக்கரைக் கத்த வைத்தது. இடது விரலை மட்டும் மெல்ல நடுக்கினாள். ஊளையும் கூடவே நடுங்கியது. அரை அடி நகர்ந்தாள். அது தாவி மேல் சுரத்தில் நின்றது. தந்திகளைத் தளர்த்தும் கம்பிப் பிடி ஒன்று கிட்டாரில் இருந்தது, அதை அழுத்தினாள். சத்தம் கிணற்றுக்குள் இறங்கி, பிடியை விட்டதும் பாய்ந்து வெளியே வந்தது. ஆயுசு முழுக்க அவர் கழுத்தை நெரித்து அடக்கிய ஊளை, இவள் கையைப் பிடித்துக்கொண்டு சமத்தாக நடந்தது. ஆறுமுகசாமிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தெய்வமே, இதையா இத்தனை நாள் அமுக்கினேன் என்று நினைத்தார்.

அப்போதுதான் வோல்டேஜ் முள் கண்ணில் பட்டது. எல்லை தாண்டிப் போயிருந்தது. ஃபேக்டரி மோட்டார்கள் ஓடும் ஊரில் கரண்ட் என்றைக்கும் நொண்டும். வோல்டேஜைக் கூட்டும் ஸ்டெப்-அப் பெட்டியில் ஏற்றித்தான் செட்டை ஓட்டுவார். கைப்பழக்கத்தில் இன்றும் ஏற்றிவிட்டார். ஃபேக்டரிகள்தான் மூடியாயிற்றே, கரண்ட் முழுசாக வருகிறது. வால்வுகளின் தகடுகள் சிவந்துகொண்டிருந்தன. இப்போதே அணைத்தால் ஆம்ப் பிழைக்கும். அணைத்தால் அவள் சத்தம் நடுவழியில் செத்துவிடும்.

கைகள் தொடைக்கடியிலேயே இருந்தன.

ஜெஸிந்தா அந்தச் சுரத்தை உச்சத்தில் நிறுத்தி, மெல்ல மெல்லத் தணித்து, தானே உள்ளங்கையால் மூடினாள். கூட்டத்தில் யாரும் கை தட்டவில்லை, மறந்துவிட்டார்கள். ஷிஜோ மேடைக்கே ஓடி வந்தான்.

"சேச்சி, நாளைக்குக் காலையில கோயம்புத்தூர் வந்துடுங்க. இனி வேற ஆள் பார்க்க மாட்டேன்."

அவள் அழுதுகொண்டே ஆறுமுகசாமியிடம் வந்தாள். அவருக்குப் பின்னால் படாரென்று ஒரு சத்தம். ஆம்பிலிருந்து கரும்புகை எழுந்தது.

"ஐயோ அண்ணே, உங்க பொழைப்பு!"

அவர் திரும்பியே பார்க்கவில்லை. கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"இன்னொருக்கா வாசி கண்ணு," என்றார்.